மூவாயிரம் ரூபாயும் ஒரு இஞ்சு டேப்பும்

2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு 'முக்கியமந்திரி வயோஸ்ரீ யோஜனா' என்ற திட்டத்துக்கு ஆணை பிறப்பித்தது. 65 வயது நிறைந்தவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, வங்கிக் கணக்கில் ஒருமுறை 3,000 ரூபாய் போடப்படும். அதைக் கொண்டு மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, முழங்காலுக்கு நீ பிரேஸ், இடுப்பு பெல்ட், கழுத்துக் காலர் போன்றவற்றை வாங்கிக்கொள்ளலாம். மும்பை தாராவியின் ஒற்றை அறை வீடுகளிலும் நவி மும்பை நெருளில் அரசின் சிட்கோ நிறுவனம் கட்டிய பழைய குடியிருப்புகளிலும் இப்படிப்பட்ட முதியவர்கள் ஏராளம். சுமை தூக்கியும் தரையில் உட்கார்ந்து வேலை செய்தும் தேய்ந்த மூட்டுகளோடு வாழ்கிற அவர்களுக்கு இந்தப் பணம் சிறிய உதவி இல்லை. ஆனால் பட்டியலின் கடைசி மூன்று பொருள்களும் மற்றவற்றிலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபடுகின்றன. கண்ணாடி வாங்குமுன் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள். காதுக் கருவிக்கு முன் காதைப் பரிசோதிக்கிறார்கள். முழங்காலுக்கான நீ கேப்பும் பெல்ட்டும் காலரும் மட்டும் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று பெட்டியில் அச்சிட்ட எழுத்தை நம்பி, பெரும்பாலும் எந்த அளவும் எடுக்கப்படாமல் கைமாறுகின்றன. இந்தியாவில் எலும்பு மூட்டுத் தாங்கிகளின் சந்தை எந்தப் பக்கம் வளர்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது. பலன் உறுதியாகத் தெரிந்த இடத்தில் இந்தச் சந்தை வளரவில்லை. அளவெடுக்க ஆள் தேவைப்படாத இடத்தில் வளர்கிறது.

வளர்ச்சிக்கான காரணங்கள் கண்முன் இருப்பவை. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 1990இல் சுமார் 2.3 கோடிப் பேர், 2019இல் 6.2 கோடிக்கும் மேல். நாட்டின் ஐந்து இடங்களில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதிக்கப்பட்டவர்களில் 28.7 விழுக்காட்டினரிடம் முழங்கால் தேய்மானம் இருப்பதாகக் கண்டது. 2022 ஜூலை 18 முதல் இத்தகைய கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. மொகாலியைச் சேர்ந்த டைனர், மும்பையைச் சேர்ந்த விஸ்கோ போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் பெட்டிகள் இன்று சாதாரண மருந்துக் கடையிலும் கிடைக்கின்றன; இணையத்தில் சொன்னால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சந்தை அறிக்கைகள் இதையெல்லாம் கூட்டி, ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வளர்ச்சி என்று முன்கணிக்கின்றன. முழங்கால் தாங்கிகளுக்கே பெரும் பங்கு என்பதில் அவை ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. நோயாளிகளின் எண்ணிக்கையைத் தேவை என்றும் விற்பனையைத் தேவை நிறைவேறியதன் அடையாளம் என்றும் அவை எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஆறு கோடிப் பேருக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்து அவர்களுக்கு எந்தப் பொருள் உதவும் என்பது தானாக வந்துவிடாது.

இடுப்பு பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதிகம் சோதிக்கப்பட்ட தாங்கி அதுதான். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994இல் இருந்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்து, உடல்நலத்தோடு இருக்கும் தொழிலாளிக்குக் காயம் வராமல் தடுக்க பெல்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று சொன்னது. பிறகு அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு பெரும் சில்லறை வணிக நிறுவனத்தின் 160 புதிய கடைகளில் சரக்கு கையாளும் 9,377 ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள். சில கடைகளில் பெல்ட் கட்டாயம், மற்றவற்றில் விருப்பம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளியானது. தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகு வலியிலோ காய இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ வேறுபாடு தெரியவில்லை. 2008இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும், முதுகு வலியைத் தடுப்பதில் பெல்ட் எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேலானதல்ல என்றது. 2016இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு முதுகு வலிக்கான வழிகாட்டுதலில் பெல்ட்டும் கார்செட்டும் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு நேராகவே எழுதியது.

இதைப் படித்துவிட்டு பெல்ட் வெறும் ஏமாற்று என்று முடிவுகட்டினால் அது தவறாகும். எதிர்ப்பக்கத்துச் சான்றும் இருக்கிறது; அதை ஒளிக்கக் கூடாது. நெதர்லாந்தில் முதியோரையும் நோயாளிகளையும் அவரவர் வீட்டில் தூக்கிக் குளிப்பாட்டிப் பராமரிக்கும் 360 பணியாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. எல்லோரும் ஏற்கெனவே முதுகு வலி உள்ளவர்கள். ஒரு சாராருக்கு வேலை முறை பற்றிய சிறு பயிற்சி மட்டும். இன்னொரு சாராருக்கு அதோடு பெல்ட்டும். பெல்ட் பெற்றவர்கள் ஓராண்டில் ஏறத்தாழ 53 நாள்கள் குறைவாக வலியை உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் நோய் விடுப்பு எடுத்த நாள்கள் குறையவில்லை. செம்பூர், நெருள் அடுக்குமாடி வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் வேலையும் இதே வேலைதான் என்பதால், இந்த முடிவு நமக்கு மிக முக்கியம். அந்த ஆய்வில் பெல்ட் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு வகைகளைக் காட்டித் தனக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வலி இருக்கும் நாளில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கூடவே உடம்பை எப்படி வைத்து வேலை செய்வது என்று கற்பித்தார்கள். பெல்ட் கட்டினால் முதுகுத் தசை தளர்ந்துவிடும் என்று நம்மூரில் பரவலாகச் சொல்லப்படும் பயத்துக்கும் இதுவரை உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆக, வலி உள்ளவருக்கு, வலி உள்ள நாளில், பொருத்தம் பார்த்துக் கொடுத்தால் பெல்ட் ஓரளவு உதவும். வலியில்லாதவருக்குக் காப்பு போலக் கட்டிவிட்டால் உதவாது. பெட்டியில் எழுதி விற்கும்போது இந்த நிபந்தனைகள்தான் முதலில் உதிர்ந்துபோகின்றன.

முழங்காலிலும் கதை இதுவே, கொஞ்சம் கூடுதல் சிக்கலோடு. கடையில் 'நீ கேப்' என்று கேட்டால் கிடைக்கும் எலாஸ்டிக் உறை மூட்டுக்குச் சூடும் ஒரு பிடிமானமும் தருகிறது. மூட்டின் மேல் விழும் பாரத்தை மாற்றுவதில்லை. நம்மவர்களில் பலருக்குத் தேய்வது முழங்காலின் உட்பக்கம். கால் வில் போல வெளியே வளைந்துவிடும். அந்தப் பக்கத்துச் சுமையைக் குறைக்க வேண்டுமானால் தொடை, முழங்கால், கெண்டைக்கால் என மூன்று இடங்களில் அழுத்தம் கொடுத்து மூட்டை நிமிர்த்தும் கீல் வைத்த பிரேஸ் வேண்டும். அதை ஆளுக்கு ஏற்பப் பொருத்தித் திருகைச் சரிசெய்து, சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். நைஸ் அமைப்பின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதப்பட்டது: முழங்கால் தேய்மானத்துக்கு பிரேஸை வழக்கமாகக் கொடுக்காதீர்கள், மூட்டு நிலைகுலைந்திருந்தாலோ பாரம் கோணலாக விழுந்தாலோ, அது இல்லாமல் உடற்பயிற்சி பலனளிக்காது என்ற நிலை இருந்தால், கொடுங்கள். இரண்டு பொருள்களும் சந்தை அறிக்கையில் 'முழங்கால் தாங்கிகள்' என்ற ஒரே தலைப்பில் கூட்டப்படுகின்றன. வயோஸ்ரீ பட்டியலிலும் இரண்டையும் பிரிக்க எந்த வரியும் இல்லை. 3,000 ரூபாயில் எதை வாங்க முடியும் என்பதைக் கடையின் விலைச்சீட்டே தீர்மானித்துவிடுகிறது.

மும்பையின் வெக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியோபிரீன் உறைக்குள் வியர்வை தேங்கி அரிப்பெடுக்கும். தொடை பருத்துக் கீழே குறுகும் கால்களில் உறை சுருண்டு இறங்கி, முட்டிக்குப் பின்னால் கயிறு போல இறுக்கும். இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அவர்களில் காலில் உணர்வு மங்கியவர்களுக்கு, இறுக்கிய எலாஸ்டிக் தோலைப் புண்ணாக்கினாலும் வலி தெரியாது. நீ கேப் ஆபத்தில்லாத பொருள் என்ற எண்ணம் பாதி உண்மைதான்.

இனி மறுபக்கம்: பலன் உறுதியாகத் தெரிந்த தாங்கிகள். பிறவியிலேயே பாதம் உள்வளைந்து பிறக்கும் குழந்தைகள், ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவர். அமெரிக்காவின் அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி வகுத்த முறைப்படி வாரந்தோறும் மாவுக்கட்டு போட்டு, குதிகால் தசைநாணைச் சிறிது வெட்டிவிட்டால் பெரும்பாலான பாதங்கள் நிமிர்ந்துவிடும். ஆனால் சிகிச்சை அதோடு முடிவதில்லை. இரண்டு காலணிகளை ஒரு பட்டையால் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயது வரை தூங்கும் நேரத்திலும் போட வேண்டும். போடாவிட்டால் பாதம் மறுபடி வளைகிறது. திரும்ப வளைவதற்கான முதன்மைக் காரணம் அதுவே என்பது இத்துறையில் அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. பரேலில் உள்ள பாய் ஜெர்பாய் வாடியா குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வரும் குடும்பங்களில் பல, தினக்கூலியை விட்டுவிட்டு வருபவை. இந்த பிரேஸ் ஒரு குழந்தையின் வாழ்நாள் நடையை முடிவுசெய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 50 முன்னுரிமைத் துணைக்கருவிகளின் பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. உகாண்டாவில் மிஷியேல் ஸ்டீன்பீக் உள்ளூர்த் தோலையும் இரும்பையும் கொண்டே இதை மலிவாகச் செய்து காட்டினார். அவர் பெயரால் அழைக்கப்படும் அந்த பிரேஸ் இந்தியாவிலும் பயன்படுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தோல் பதனிட்டுத் தழைத்த தாராவியில், இன்றும் பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகளில், இதைச் செய்வதற்கான கைத்திறன் போதிய அளவு இருக்கிறது. ஆயினும் எந்தச் சந்தை முன்கணிப்பிலும் இந்தக் குழந்தைகள் வளர்ச்சிப் பிரிவாகக் காட்டப்படுவதில்லை. வாங்குபவர்கள் குறைவு, விலை குறைவு. ஒவ்வொரு குழந்தைக்கும் வளர வளர அளவு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வளரிளம் பருவத்தில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் பிள்ளைகளுக்கான பிரேஸ் இன்னொரு எடுத்துக்காட்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவை சிகிச்சைக்குரிய அளவை எட்டவில்லை. அணியாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் 48 விழுக்காட்டினருக்கே அப்படி. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பிரேஸுக்குள் வெப்பத்தைப் பதிவுசெய்யும் சிறு கருவியை வைத்து அணிந்த நேரத்தையும் அளந்தார்கள். நாளுக்குச் சுமார் 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். கணுக்கால் சுளுக்கு மீண்டும் வராமல் தடுக்கும் பிரேஸுக்கும் விளையாட்டு வீரர்களிடையே நல்ல சான்று உண்டு. அது எளிய பொருள், கடையிலும் கிடைக்கிறது என்பதால் என் வாதத்துக்கு ஒரு விதிவிலக்காகவே அதைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்தத் தொழில் தொடங்கியபோது அதன் முகம் வேறாக இருந்தது. மும்பை ஹாஜி அலியில் 1955இல் ஐ.நா. உதவியோடு தொடங்கப்பட்ட அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தின் பட்டறைகளில் அன்று முக்கிய வேலை போலியோ பிள்ளைகளுக்கான காலிப்பர். தொடையிலிருந்து பாதம் வரை அச்செடுத்து, இரும்புக் கம்பி வளைத்து, முட்டிக்குப் பூட்டு வைத்து, தோல் வார் தைத்துத் தரும் பொருள் அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்கு நுண்துளை ரப்பர் வைத்த செருப்பை உருவாக்கினார்கள். சர்க்கரை நோய்ப் பாதங்களுக்கு உலகெங்கும் இன்று தரப்படும் காலணிகளுக்கு அந்த வேலை ஒரு முன்னோடி. இரண்டிலும் நோயாளியின் காலைத் தொட்டுப் பார்த்தவர்தான் பொருளைச் செய்தார். 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோய்த்தொற்று. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த சான்றிதழ் கிடைத்தது. நாடு பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் முன்பே போலியோ தாக்கியவர்கள் நடுவயதையும் முதுமையையும் எட்டி நம்மிடையே இருக்கிறார்கள். வார் அறுந்து, பூட்டு தேய்ந்து, தோள் வலியும் சேர்ந்துகொள்ள, முன்னைவிட இலகுவான காலிப்பர் தேவைப்படும் வயது அவர்களுக்கு. புதிய நோயாளிகள் வராத துறையில் பட்டறைக்குப் பணம் போட எவரும் முன்வருவதில்லை. பக்கவாதத்துக்குப் பின் பாதம் தொங்குபவர்களுக்கான பிரேஸும் அதே பட்டறைகளையே நம்பியிருக்கிறது.

சட்டமும் இந்தச் சாய்வுக்குத் துணைபோகிறது, தெரிந்தே அல்ல என்றாலும். 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின்கீழ் வந்தன. வெளியே அணியும் தாங்கிகள் மிகக் குறைந்த ஆபத்துள்ள 'ஏ' பிரிவில் வைக்கப்பட்டன. 2022 அக்டோபர் அறிவிப்பு அப்பிரிவில் நுண்ணுயிர் நீக்கம் தேவைப்படாத, அளவிடும் வேலை செய்யாத கருவிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளித்தது. உற்பத்தியாளர் தாமே விவரம் பதிந்து தாமே உறுதியளித்தால் போதும். சிறு பட்டறைகள் பிழைக்க இது நல்லதே. ஆனால் பலன் உண்டா என்று எவரும் கேட்கும் கட்டம் ஒன்று எங்குமே வராது. விலையிலும் அப்படித்தான். 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு வரம்பு வந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய். பிரேஸுக்கு அப்படி உச்ச விலை இல்லை. ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் எம்.ஆர்.பி.யை ஏற்றக் கூடாது என்ற பொது விதி மட்டுமே உண்டு. முதல் நாளே அதிகமாக அச்சிடப்பட்ட எம்.ஆர்.பி.யை அந்த விதி தொடாது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். பெரியவருக்கு நீ கேப் போட்டால் இதமாக இருக்கிறது, கோயிலுக்குப் போய்வருகிறார், ரயில் நிலையப் படியேறுகிறார். அந்த இதத்தை ஆய்வேடுகளைக் காட்டி ஏன் பறிக்க வேண்டும் என்பது முதலாவது. பறிக்க வேண்டியதில்லை. வயதானவரின் கையில் பணம் கொடுத்து, எது வேண்டும் என்பதை அவரிடமே விட்ட முறையில் ஒரு மரியாதையும் இருக்கிறது. முகாம் போட்டு எல்லோருக்கும் ஒரே அளவைத் தூக்கிக் கொடுப்பதைவிட அது மேல். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு, தேர்ந்தெடுக்கத் தேவையான தகவலும் சேர வேண்டும். வயோஸ்ரீ ஆணை அதே 3,000 ரூபாயை யோகப் பயிற்சி மையத்திலும் செலவிட இடம் தருகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியின் பலன் எலாஸ்டிக் உறையின் பலனைவிட உறுதியாக நிறுவப்பட்டது என்பதை அந்தப் பெரியவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அளவெடுக்கப் பயிற்சி பெற்ற ஆட்களே போதாதபோது, அவர்களுக்காகக் காத்திருந்தால் ஏழைக்கு எதுவுமே கிடைக்காதே என்பது. பத்து லட்சம் மக்களுக்கு 5 முதல் 10 செயற்கை உறுப்பு மற்றும் பிரேஸ் வல்லுநர்கள் வேண்டும் என்பது 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பின்படி 1.24 கோடி மக்கள்தொகை கொண்ட மும்பைக்கு அது சுமார் 60 முதல் 120 பேர். ஒரு பெருநகரம் திரட்ட முடியாத எண்ணிக்கை அல்ல. எல்லாப் பொருளுக்கும் அவர்கள் வேண்டியதுமில்லை. காலிப்பர், முதுகுவளைவு பிரேஸ், குழந்தையின் பாத பிரேஸ், கீல் வைத்த முழங்கால் பிரேஸ் ஆகியவற்றை அவர்களுக்கே ஒதுக்கலாம். இடுப்பு பெல்ட்டுக்கும் நீ கேப்புக்கும் பிசியோதெரபிஸ்டே போதும். தாராவிக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை இருக்கிறது, நெருளில் டி.ஒய். பாட்டீல் வளாகத்தில் பிசியோதெரபி கல்லூரியே இருக்கிறது. தொடையிலும் முட்டியிலும் இஞ்சு டேப் வைத்து அளந்து, சர்க்கரை உண்டா, காலில் உணர்வு இருக்கிறதா என்று கேட்டு எழுதித் தர ஒருவருக்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.

பெல்ட்டின் பரவலால் மறைந்துபோகும் இன்னொன்று, மூட்டையின் எடை. நெருளிலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளி, வாஷி மொத்தச் சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அரிசியும் மனித முதுகில்தான் ஏறி இறங்குகின்றன. சுமைத் தொழிலாளர்களுக்காக 1969லேயே மாத்தாடிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. மூட்டை 50 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அத்தொழிலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரையும் வயதுவந்த ஆண் தூக்கும் சுமையை 55 கிலோவுக்குள் நிறுத்தச் சொன்னது. தொழிலாளிக்கு பெல்ட் வாங்கிக் கொடுப்பது முதலாளிக்கு மலிவு. மூட்டையைச் சிறிதாக்குவது செலவு. ஆனால் 9,377 ஊழியர்களின் ஆய்வு சொல்வதை ஏற்றுக்கொண்டால், முதுகைக் காப்பாற்றும் வழி இரண்டாவதுதான். மூட்டையின் எடை குறைந்தால் அதை விற்பனை எண்ணாகப் பதிவுசெய்ய ஒரு சந்தை அறிக்கையிலும் கட்டம் கிடையாது.

வயோஸ்ரீ திட்டத்தைப் பொறுத்தவரை நான் கேட்பது பெரிய மாற்றமல்ல. பொருள் வாங்கிய ரசீதைப் பயனாளிகளிடம் அரசு ஏற்கெனவே கேட்கிறது. முழங்கால், இடுப்பு, கழுத்துத் தாங்கிகளின் ரசீதில் மட்டும் கூடுதலாக மூன்று விவரங்கள் இருக்கட்டும்: எடுத்த அளவு, அளவெடுத்தவரின் பதிவு எண், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கும் தேதி. அளவெடுத்ததற்கான கட்டணத்தை 3,000 ரூபாயில் கழிக்காமல் மருத்துவமனைக்குத் தனியாகக் கொடுக்கலாம். இப்படி ஓர் ஆண்டு ரசீதுகளும் மறுபடி பார்த்த குறிப்புகளும் சேர்ந்தால், மகாராஷ்டிரத்தில் எத்தனை பெட்டிகள் விற்றன என்பதோடு, எத்தனை பேர் ஒரு மாதத்துக்குப் பிறகும் அந்த பிரேஸைப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் முதல்முறையாகக் கணக்கில் வரும்.